ஒப்பிப்பது வேறு... வாசிப்பது வேறு!

மதுரைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். மாலை ஆறரை மணி இருக்கும். மூன்றாம் வகுப்பு படிக்கும் சிறுமி, ஆங்கிலப் பாடப் புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு கணீரென்று படித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடங்கல் இல்லை. தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு உள்ளுக்குள் பூரிப்பு. தமிழ் மீடியத்தில் படித்து, பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பேப்பரில் தட்டுத்தடுமாறிப் பாஸானவர் அவர். அந்தக் கஷ்டம் மகளுக்கு வரக் கூடாது என்றுதான் தையல் காசில் ஃபீஸ் கட்டி இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்திருந்தார்.

திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அப்பத்தா, பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனாலும் தமிழ்ப் பேப்பரை எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்துவிடுவார்.

''ஆத்தா, ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழ விரல வச்சுப் படி, பாப்போம்.''

சிறுமி விரலை வைத்தாள். வாய் வேகமாக ஓடியது. பத்தி முழுவதையும் சொல்லி முடித்தபோது, விரல் மூன்றாவது வரியின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. இன்னும் நான்கு வரி மிச்சம்.

அப்பத்தா நடுவில் ஒரு வார்த்தையைத் தொட்டு, ''இது என்னத்தா?'' என்றார். சிறுமி மேலே பார்த்தாள். பிறகு முதல் வரியிலிருந்து முணுமுணுவென்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த வார்த்தைக்கு வந்து சேர முடியவில்லை.

தையல் மெஷின் நின்றுவிட்டது.

''அத்தை, உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே... எப்படிக் கண்டுபிடிச்சீங்க?''

''இங்கிலீஷ் தெரியாட்டி என்னம்மா... விரல் நிக்கிறது தெரியாதா?''

'ஏ' கிரேடு வாங்கியும் எழுத்து தெரியவில்லை

மறுவாரம் பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அம்மா ரேங்க் கார்டோடு போனார். ஆங்கிலத்தில் 'ஏ' கிரேடு. ''மிஸ், இவளுக்கு வாசிக்கவே தெரியலையே'' என்றதும் டீச்சருக்கும் திகைப்பு. ''புக் பேக் கொஸ்டின் எல்லாம் கரெக்டா எழுதுறாளே... டிக்டேஷன்லயும் பத்துக்குப் பத்து'' என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, ''கிளாஸ்ல நாற்பது பேருங்க. ஒவ்வொருத்தரையும் தனியா வாசிக்க வெச்சுக் கேட்க நேரம் கிடைக்கிறதில்ல'' என்று மனம்விட்டுச் சொன்னார்.

சிறுமி யாரையும் ஏமாற்றவில்லை. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சத்தமாகச் சொல்கிறார்கள், அவளும் சொல்கிறாள். பத்து முறை சொன்னால் பாடம் மனப்பாடம். டிக்டேஷன் வார்த்தைகள் முதல் நாளே தெரியும், அவையும் மனப்பாடம். தேர்வில் அதே கேள்வி, அதே பதில். பெரியவர்கள் கேட்டதை எல்லாம் அவள் சரியாகவே கொடுத்திருக்கிறாள். புத்தகத்தில் இல்லாத ஒரு வரியைக் கொடுத்து, 'இதைப் படி கண்ணு' என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அப்படிக் கேட்கும் ஓர் ஆய்வு நம் நாட்டில் உண்டு. பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் 'அசர்' கணக்கெடுப்பு. தன்னார்வலர்கள் கிராமங்களில் வீடு வீடாகப் போய், குழந்தையைத் தனியாக உட்காரவைத்து, பாடப் புத்தகத்தில் இல்லாத ஒரு தாளை நீட்டுவார்கள். எழுத்து, வார்த்தை, எளிய வாக்கியம் என்று படிப்படியாக இருக்கும். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது. 2022 கணக்கெடுப்பில், இந்தியக் கிராமங்களில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய நால்வரில் ஒருவரால்தான் எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தது. மற்ற மூவரில் எத்தனை பேர் ரேங்க் கார்டில் 'ஏ' கிரேடு இருந்ததோ!

'சி-ஏ-டி' எப்படி 'கேட்' ஆகும்?

தமிழில் ஓர் எழுத்தின் பெயரும் அதன் ஒலியும் ஒன்றுதான். 'ப' என்ற எழுத்தின் பெயரும் 'ப', ஒலியும் 'ப'. 'ப', 'ட', 'ம்' என்று அடுத்தடுத்துச் சொன்னால் 'படம்' வந்துவிடும். 247 எழுத்துகள் என்று மலைப்பாக இருந்தாலும், 12 உயிரும் 18 மெய்யும் பிடிபட்டால் மற்றவை அதன் வழியே வந்துவிடும்.

ஆங்கிலத்தில் எழுத்துகள் 26தான். ஆனால், ஒலிகள் சுமார் 44. அதோடு எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு. 'சி-ஏ-டி கேட், கேட்னா பூனை' என்று காலங்காலமாக நம் வகுப்புகளில் கோரஸ் பாடுகிறோம். 'சி', 'ஏ', 'டி' என்பதை எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் 'சியேடி' என்றுதான் வரும், 'கேட்' வராது. 'க்', 'ஏ', 'ட்' என்று ஒலிகளைச் சொல்லிச் சேர்த்தால்தான் வரும். எழுத்தின் பெயரை மட்டும் கற்ற குழந்தைக்கு, இடையில் நடந்த இந்த மாயம் புரிவதில்லை. ஆகவே, 'இது கேட்' என்று படமாக மனதில் பதித்துக்கொள்கிறது. முதல் வகுப்பில் வார்த்தைகள் குறைவு, சமாளித்துவிடலாம். நான்காம் வகுப்பில் அறிவியலும் சமூக அறிவியலும் ஆங்கிலத்தில் கனமாக வரும்போது, படமாகப் பதிக்க மூளையில் இடம் போதாது. 'சின்ன கிளாஸ்ல நல்லாத்தான் படிச்சா... இப்ப திடீர்னு மந்தமாயிட்டா' என்று வீட்டில் பேச்சு கிளம்புவது அப்போதுதான். மந்தம் திடீரென்று வருவதில்லை. முதல் வகுப்பில் விட்ட படி, நான்காம் வகுப்பில் இடறுகிறது.

இங்கிலாந்துக்கே இந்தத் தலைவலி

ஆங்கிலம் பிறந்த வீட்டிலும் இது தீராத விவாதம். வார்த்தையை முழுதாகப் பார்த்துப் பழகவேண்டுமா, படத்தையும் சூழலையும் வைத்து ஊகிக்கவேண்டுமா, ஒலிகளைக் கூட்டி வாசிக்கவேண்டுமா என்று பல ஆண்டுகள் சர்ச்சை நடந்தது. 2006ல் ஜிம் ரோஸ் தலைமையிலான குழு, ஒலிகளை ஒழுங்கான வரிசையில் கற்றுத்தரும் 'ஃபோனிக்ஸ்' முறையே தொடக்கத்துக்கு ஏற்றது என்று பரிந்துரைத்தது.

2012 முதல் அங்கே முதலாம் ஆண்டுக் குழந்தைகளுக்கு, அதாவது ஐந்து, ஆறு வயதில், ஒரு சிறு சோதனை நடக்கிறது. ஆசிரியர் ஒவ்வொரு குழந்தையையும் தனியே அழைத்து 40 வார்த்தைகளை வாசிக்கச் சொல்வார். அதில் 20 வார்த்தைகளுக்கு அர்த்தமே கிடையாது. சும்மா எழுத்துகளைக் கோத்து உருவாக்கிய பொய்ச்சொற்கள்! குழந்தை குழம்பாமல் இருக்க, பக்கத்தில் ஒரு கற்பனைப் பிராணியின் படத்தைப் போட்டு, 'இது அதன் பெயர்' என்பார்கள். அப்பத்தா விரலை வைத்துக் கண்டுபிடித்ததை, அவர்கள் பொய்ச்சொல்லை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். இல்லாத வார்த்தையை யாரும் மனப்பாடம் செய்துகொண்டு வர முடியாதே!

இதற்கும் எதிர்ப்பு உண்டு. நன்றாக வாசிக்கும் குழந்தைகள்கூட பொய்ச்சொல்லைத் தனக்குத் தெரிந்த நிஜச்சொல்லாக மாற்றி வாசித்துத் தவறவிடுகிறார்கள், சோதனைக்குப் பயிற்சி கொடுப்பதிலேயே நேரம் போய் கதை கேட்கும் சந்தோஷம் குறைகிறது என்கிறார்கள் அங்குள்ள ஆசிரியர்கள் பலர்.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 1986ல் ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகவே சொன்னார்கள். எழுத்தை ஒலியாக மாற்றும் திறன் ஒரு பக்கம், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் மறுபக்கம். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதுதான் வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒரு பக்கம் பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்தான்.

நம் குழந்தைகளுக்கு இரட்டைச் சுமை

லண்டனில் ஒரு குழந்தை 'கேட்' என்ற வார்த்தையை எழுத்தில் பார்ப்பதற்கு முன் ஆயிரம் முறை காதால் கேட்டிருக்கும். எழுத்துக்கூட்டி வாசித்ததும், 'அட, நம்ம பூனை!' என்று மூளையில் விளக்கு எரியும். நம் குழந்தைக்கு அந்த வார்த்தையே புதிது. வாசித்தாலும் விளக்கு எரிவதில்லை. தெரியாத மொழியில், தெரியாத எழுத்தில், ஒரே நேரத்தில் வாசிக்கக் கற்கும் இரட்டைச் சுமை அது.

தமிழக அரசுப் பள்ளிகளிலும் 2012-13 கல்வியாண்டு முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கப்பட்டன. பெற்றோரின் ஆசை அப்படி. அதில் தவறும் இல்லை. மேற்படிப்புக்கும் வேலைக்கும் ஆங்கிலம் வேண்டும் என்பது அனுபவம் சொல்லித்தந்த பாடம். ஆனால், பாடத்தின் மொழியை மாற்றுவது எளிது. அந்த மொழியை முதலில் காதுக்கும் வாய்க்கும் பழக்கித் தருவதற்கு நேரமும், அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியரும் வேண்டும்.

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள், 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்த இடைவெளியை நிரப்ப, 2022 ஜூனில் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரை, பிறகு நான்கு, ஐந்துக்கும். தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் குழந்தையின் வயதைப் பார்க்காமல், அது எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிப்பது அதன் அடிப்படை. மூன்றாம் வகுப்புக் குழந்தை 'அரும்பு' நிலையில் இருந்தால் அங்கிருந்தே தொடங்கவேண்டும். பெற்றோரும் மனதில் வாங்கவேண்டிய விஷயம் இது. 'மூணாம் கிளாஸ் வந்தாச்சு, இன்னும் எழுத்துலயே நிக்கிறியே' என்று தலையில் குட்டுவதால் ஒரு படியும் ஏற முடியாது.

தமிழ் தடைக்கல் இல்லை, ஏணி!

'வீட்ல தமிழ் பேசாதீங்க, இங்கிலீஷ் வராது' என்று சில பள்ளிகளில் சொல்லி அனுப்புகிறார்கள். அதை நம்பி, தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையில் குழந்தையோடு பேசி, கதையும் பேச்சும் வற்றிப்போன வீடுகள் உண்டு. உண்மை நேர் எதிர். எழுத்து என்பது ஒலியின் அடையாளம் என்ற ரகசியம் ஒரு மொழியில் பிடிபட்டுவிட்டால், அடுத்த மொழியில் அதை மறுபடி கண்டுபிடிக்கத் தேவையில்லை. தமிழை எழுத்துக்கூட்டி வாசிக்கும் குழந்தை, ஆங்கிலத்துக்குப் பாதி வழியில் வந்து நிற்கிறது.

ஓர் எழுத்துக்குப் பல ஒலி என்பதும் நம் குழந்தைகளுக்குப் புதிதில்லை. 'கண்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் 'க' ஒரே மாதிரியா ஒலிக்கிறது? யாரும் சொல்லித்தராமலே இடம் பார்த்து ஒலியை மாற்றிக்கொள்கிறார்களே! 'கேட்' என்பதில் 'க்' என ஒலிக்கும் 'சி', நகரத்தைக் குறிக்கும் 'சிட்டி'யில் 'ஸ்' என ஒலிப்பதை, 'நம்ம க மாதிரிதான்' என்று சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

தமிழ்க் காதுக்கு எங்கே சிக்கல் வரும் என்பதும் முன்கூட்டியே தெரிந்ததுதான். குத்துகிற 'பின்'னும், குப்பைத்தொட்டியைக் குறிக்கும் 'பின்'னும் தமிழில் எழுதினால் ஒன்றே. ஆங்கிலத்தில் முதல் எழுத்தே வேறு. எழுதும்போது குழந்தை இரண்டையும் மாற்றிப் போட்டால், அது கவனக்குறைவு இல்லை. காது இன்னும் பழகவில்லை. வாய்க்கு முன்னால் ஒரு துண்டுப் பேப்பரைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் சொல்லிப் பார்க்கலாம். குத்துகிற 'பின்'னுக்குப் பேப்பர் படபடக்கும். குப்பைத்தொட்டிக்கு அந்த அளவு அசையாது. குழந்தைக்கு இது விளையாட்டு. ஆனால், ஒரு மாதம் இம்போசிஷன் எழுதினாலும் வராத பாடம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

அந்த அம்மா டியூஷன் வைக்கவில்லை. காசு கட்டும் ஆப் எதுவும் வாங்கவில்லை. டீச்சர் சொன்ன யோசனைப்படி, இரவு சாப்பாட்டுக்கு முன் 20 நிமிடம் மட்டும் ஒதுக்கினார். எந்த வீட்டிலும் செய்யக்கூடியவைதான்.

* முதலில் ஆறே எழுத்துகள்: எஸ், ஏ, டி, பி, ஐ, என். (இங்கே 'டி' என்பது தமிழின் 'ட்' ஒலிக்கு உரியது, 'பி' என்பது 'ப்' ஒலிக்கு உரியது.) இங்கிலாந்தில் ஃபோனிக்ஸ் வகுப்புகள் பெரும்பாலும் இவற்றிலிருந்தே தொடங்குகின்றன. பெயரைச் சொல்லாமல் ஒலியை மட்டும் சொல்லவேண்டும். இந்த ஆறை வைத்தே சிட், பின், டின், பேன், ஆன்ட் என்று ஒரு டஜன் வார்த்தைகளைக் கோக்கலாம். பழைய காலண்டர் தாளை வெட்டி எழுத்துச் சீட்டு செய்தால் செலவும் இல்லை.

* அடுத்து, எழுத்து ஒன்றை மாற்றிப்போடும் விளையாட்டு. 'பின்'னில் முதல் எழுத்தை மாற்றினால் 'டின்'. 'பின்'னின் கடைசியில் 'ஈ' என்ற எழுத்தைச் சேர்த்தால் 'பைன்'. கடைசி 'ஈ' தான் பேசாமல் உட்கார்ந்துகொண்டு, நடுவில் இருப்பவரின் ஒலியை மாற்றிவிடுகிறது என்று கதைபோலச் சொன்னால் மறக்காது.

* 'தி', 'வாஸ்', 'செட்', 'ஒன்' போல எழுத்துக்குக் கட்டுப்படாத சொற்களும் உண்டு. அவற்றை மட்டும் நாளுக்கு ஒன்று என்று பார்த்துப் பழகலாம்.

* படிக்கும்போது விரல் கட்டாயம். வாரம் ஒருமுறை, பாடப் புத்தகத்தில் இல்லாத இரண்டு வரி. பிஸ்கட் பாக்கெட், சோப்பு உறை, பஸ்ஸின் போர்டு எல்லாமே புத்தகம்தான்.

* வார்த்தையை எழுத்தில் காட்டும் முன், காதில் போடவேண்டும். சமையலறையில் உப்பை எடுக்கும்போது 'சால்ட்', தண்ணீர் ஊற்றும்போது 'வாட்டர்'. கதையைத் தமிழில் சொல்லி, பிறகு அதே கதையை எளிய ஆங்கிலத்தில் கேட்கவைத்தால் பாதி அர்த்தம் தானாக வந்துவிடும்.

* தப்பாக வாசித்தால் உடனே திருத்தாமல் மூன்று எண்ணும்வரை காத்திருக்கவேண்டும். பெரும்பாலும் குழந்தையே திருத்திக்கொள்ளும்.

நாலு கோடு நோட்டில் சேர்த்தெழுதும் கர்சிவ் எழுத்துக்கு எல்.கே.ஜி-யிலேயே கை வலிக்க வலிக்கப் பயிற்சி தேவையில்லை. எழுத்தின் ஒலி தெரியாமல் எழுதும் அழகான கையெழுத்து, கோலம் போட்ட மாதிரிதான்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. பல மாதம் பொறுமையாகச் சொல்லித்தந்த பிறகும், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒருசேர எழுத்துகள் பிடிபடவில்லை என்றால், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கவேண்டும். அவை சரியாக இருந்தால் 'டிஸ்லெக்ஸியா' எனும் கற்றல் குறைபாடா என்று நிபுணரிடம் காட்டலாம். அது அறிவுக் குறைவு இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்துத் தனிப் பயிற்சி கொடுத்தால், அந்தக் குழந்தைகளும் வாசிப்பார்கள்.

உப்புப் பாக்கெட்

அந்த வீட்டில் முதல் மாதம் சுலபமாக இல்லை. 'முன்னாடி நான் நல்லா படிச்சேன், இப்பதான் எனக்குத் தெரியலைனு சொல்றீங்க' என்று சிறுமி இரண்டு நாள் அழுதாள். கடகடவென்று ஒப்பித்துக் கைத்தட்டு வாங்கிய குழந்தைக்கு, 'ஸ்... இ... ட்' என்று திக்குவது அவமானமாக இருந்தது. அடுத்த தேர்வில் கிரேடும் ஒரு படி இறங்கியது. அம்மா கலங்கிப்போனார். அப்பத்தாதான், ''கீழ விழாம யாரும்மா நடக்கப் பழகுனா?'' என்று தேற்றினார். அம்மாவுக்கும் ஒரு லாபம் இருந்தது. பள்ளியில் தனக்குப் புரியாமலே போன ஆங்கில எழுத்துகளின் ஒலிகள், மகளோடு உட்கார்ந்தபோது அவருக்கும் பிடிபடத் தொடங்கின.

ஆறு மாதம் ஆகியிருக்கும். மளிகைச் சாமான் பையைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, சிறுமி ஒரு பாக்கெட்டை எடுத்து விரலை வைத்தாள். யாரும் படிக்கச் சொல்லவில்லை.

''ஸ்... ஏ... ல்... ட்... சேல்ட்.''

அம்மா வாயைத் திறந்தார். அப்பத்தா கையைக் காட்டி நிறுத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று...

''சேல்ட்னு ஒண்ணு இல்லையே... சால்ட்! அப்பத்தா, உப்பு!''

அப்பத்தாவுக்கு அந்த வார்த்தை சரியா, தப்பா என்று தெரியாது. பேத்தியின் விரலைப் பார்த்தார். அது கடைசி எழுத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தது.